ஒரு பேட் மட்டும் பேசவில்லை: எலெக்ட்ரானிக் டிரம்ஸ் ஒயர் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்க்கும் முறை

வரவேற்பில் ஏழு மணிக்குப் பாட்டு தொடங்க வேண்டும். மாப்பிள்ளை அழைப்பு இழுத்துக்கொண்டே போனதால் மேடை நம் கைக்கு வந்ததே ஆறேகாலுக்கு. பாடகர் மைக்கை ஊதிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கீபோர்டு தயார். டிரம்ஸைத் தாங்கும் குழாய்ச் சட்டமான ராக்குக்கு அடியில் ஒருவர் மட்டும் செல்போன் வெளிச்சத்தை வாயில் கவ்விக்கொண்டு கிடக்கிறார். ஈரோடு, கோபி, திருப்பூர் வட்டாரக் குழுக்களோடு 14 ஆண்டுகளாகப் போய்வருகிறேன். பெரும்பாலும் அப்படிக் கிடப்பவன் நான்தான்.

"பேட் போய்விட்டதுங்கண்ணா" என்று சொல்லி என்னிடம் கொண்டுவந்த செட்டுகளில், அடி வாங்கும் தட்டான பேட் உண்மையாகவே போயிருந்தவற்றைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் ஒயர். அந்த ஒயர் கெட்ட நேரமும் அநேகமாக முந்தைய கச்சேரியின் நள்ளிரவுதான்: வேன்காரர் ஹாரன் அடிக்க அடிக்க, பிடுங்கிச் சுருட்டிய அந்தப் பத்து நிமிடம்.

உங்கள் செட்டில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், பர்ஸைத் திறக்க வைப்பது கடைசியில்.

## கை வைக்கும் முன்

மிக்சரில் டிரம்ஸ் சேனலை முழுதாக இறக்குங்கள். பேட் ஒயர்கள் வந்து சேரும் ஒலிப்பெட்டியான மாட்யூலை அணைத்த பிறகே, ஒயர் முனையில் உள்ள செருகியான ஜாக்கைப் பிடுங்கவோ செருகவோ வேண்டும். ஸ்பீக்கர் ஓடும்போது பிடுங்கினால் எழுகிற 'டொம்' சத்தத்தில் முதல் வரிசைத் தாத்தாக்கள் எழுந்துவிடுவார்கள், ஸ்பீக்கரும் அடி வாங்கும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒயரையும் மாற்றி, பேட்டையும் மாற்றி, அமைப்புகளையும் நோண்டினால், சத்தம் திரும்பி வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. அடுத்த மண்டபத்தில் அதே கோளாறு உங்களுக்காகக் காத்திருக்கும்.

பையில் இருக்க வேண்டியவை: ஒரு ஹெட்போன், பீப் ஒலி தரும் சாதாரண மல்டிமீட்டர், நன்றாக வேலை செய்யும் என்று தெரிந்த ஸ்டீரியோ ஒயர் இரண்டு, நெற்றியில் மாட்டும் விளக்கு. ஹெட்போன்தான் இதில் முக்கியம். மாட்யூலில் மாட்டிக் கேட்டால், கோளாறு நம் பக்கமா மிக்சர் பக்கமா என்பது ஒரே தட்டில் தெரிந்துவிடும். மிக்சர்காரரோடு சண்டை போடுவதற்கு முன் இதைச் செய்வது நல்லது. நான் செய்யாமல் சண்டை போட்டிருக்கிறேன்.

## அறிகுறி 1: ஒரு பேட் மட்டும் பேசவே இல்லை

ஜாக் முழுதாக உள்ளே போகவில்லை. பாதிக்குப் பாதி இதுதான். 'டக்' என்று ஒரு சிறு உதறல் விரலில் தெரியும்வரை அழுத்துங்கள். கண்ணால் பார்த்து ஏமாறாதீர்கள். காலால் அடிக்கும் கிக் பேடில் முதலில் பாருங்கள். அடிக்கு அடி அதிர்வதாலும், ஒயர் கால் படும் இடத்தில் கிடப்பதாலும், முதலில் நழுவுவது அதுதான்.

மாட்யூல் திரை என்ன சொல்கிறது? பல மாட்யூல்களில் பேட்டைத் தட்டினால் அதன் பெயர் திரையில் வரும், அல்லது அளவுக் கோடு எழும். தட்டும்போது திரை அசைகிறது, சத்தம் மட்டும் இல்லை என்றால் ஒயரில் குற்றமில்லை. அந்தப் பேடின் ஒலி அளவை யாரோ பூஜ்யத்தில் வைத்திருக்கிறார்கள், அல்லது அந்த இடத்தில் ஒலியே ஏற்றப்படவில்லை. வேறு டிரம் கிட் (மாட்யூலில் உள்ள ஒலித் தொகுப்பு) எண்ணுக்கு மாற்றித் தட்டிப் பாருங்கள். திரை அசையவே இல்லை என்றால் கீழே தொடருங்கள்.

ஒயரா, பேடா, மாட்யூலா? இரண்டு படிகளில் தெரிந்துவிடும்.

முதல் படி: பேட் பக்கத்தைத் தொடாமல், மாட்யூல் பக்கத்து முனையை நன்றாகப் பேசும் இன்னொரு பேடின் துளையில் செருகித் தட்டுங்கள். சத்தம் வந்தால், வேறு மேளத்தின் சத்தமாக இருந்தாலும் பரவாயில்லை, ஒயரும் பேடும் நலம். பழைய துளையோ அதன் அமைப்போதான் குற்றவாளி.

இரண்டாம் படி: வரவில்லை என்றால், அந்த ஒயரின் பேட் பக்க முனையைக் கழற்றிப் பேசும் பேட் ஒன்றில் செருகுங்கள். இப்போது சத்தம் வந்தால் பழைய பேடில் கோளாறு. அப்போதும் இல்லை என்றால் ஒயர்.

எல்லா ஒயரும் ஒரே தடித்த கட்டாக 25 பின் இணைப்பில் போய்ச் சேரும் செட்டுகளில் (ரோலண்ட் டிடி-17, அலெசிஸ் நைட்ரோ போன்றவை) மாட்யூல் பக்கம் இப்படி மாற்ற வழியில்லை. பேட் பக்கத்து முனைகளை மட்டும் பக்கத்துப் பேடுகளில் மாற்றிப் பாருங்கள்.

ஒயர் என்று தெரிந்த பிறகு. மேடையில் இருந்தால் உதிரி ஒயரைப் போட்டுவிட்டுக் கச்சேரியைப் பாருங்கள். வீட்டுக்கு வந்து மீட்டரை எடுங்கள். ஸ்டீரியோ ஜாக்கில் நுனி, நடு வளையம், அடித்தண்டு என மூன்று இடங்கள். ஒரு முனையின் நுனிக்கும் மறு முனையின் நுனிக்கும் பீப் வர வேண்டும். அதேபோல வளையத்துக்கு வளையம், தண்டுக்குத் தண்டு. பிறகு நுனிக்கும் தண்டுக்கும், வளையத்துக்கும் தண்டுக்கும் வைத்துப் பாருங்கள், பீப் வரவே கூடாது. இதையெல்லாம் ஜாக்கின் கழுத்தை ஆட்டிக்கொண்டே செய்ய வேண்டும். அசையாமல் படுத்திருக்கும்போது எல்லா ஒயரும் யோக்கியமாகத்தான் இருக்கும்.

அறுந்த இடம் நூற்றுக்குத் தொண்ணூறு ஜாக்கின் கழுத்தில்தான் இருக்கும். திருகித் திறக்கும் ஜாக் என்றால் திறந்து மறுபடி ஈயம் வைக்கலாம். ரப்பரில் வார்த்த ஜாக் என்றால் இரண்டு அங்குலம் வெட்டி எறிந்துவிட்டுப் புது ஜாக் போடுங்கள். ஆடியோ உதிரிபாகக் கடைகளில் பி-38 ஸ்டீரியோ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். 'ஸ்டீரியோ' என்று அழுத்திச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது மூன்றாம் அறிகுறியில் இருக்கிறது.

பேட் என்று தெரிந்த பிறகு. உத்தரவாதக் காலத்தில் இருந்தால் திறக்காதீர்கள். காலம் முடிந்திருந்தால் அடியில் உள்ள திருகுகளைக் கழற்றிப் பாருங்கள். ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் அகலமான பித்தளைத் தட்டு ஒன்று ஒட்டியிருக்கும். அதுதான் பீசோ, தட்டலின் அதிர்வை மின்சைகையாக மாற்றுவது. அதில் பற்றவைத்த மெல்லிய கம்பி விட்டிருக்கலாம், அல்லது தட்டே பஞ்சிலிருந்து பெயர்ந்திருக்கலாம். கம்பியை மறுபடி பற்றவைக்கும்போது இரண்டு விநாடிக்கு மேல் சூட்டுக்கோலை வைக்காதீர்கள், நடுவில் உள்ள வெள்ளைப் பகுதி சூடு தாங்காது.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: மாட்யூலின் துளை ஆடுகிறது, அல்லது ஜாக்கை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால்தான் சத்தம் வருகிறது. துளை உள்ளே பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், அந்தப் பற்று விரிசல் விட்டிருக்கிறது. மாட்யூலைத் திறக்கும் வேலை நமக்கு வேண்டாம். டிவி பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதைவிட, கீபோர்டு பலகைகளைத் தொட்டுப் பழகியவரிடம் கொடுங்கள்.

## அறிகுறி 2: ஒன்றைத் தட்டினால் வேறொன்றின் சத்தம்

இதில் பழுது எதுவும் இல்லை. ஒயர் இடம் மாறியிருக்கிறது. சரிசெய்ய ஒரு நிமிடம் போதும். ஆனால் மறுபடி வராமல் தடுக்கத்தான் நான் ஆறு மாதம் போராடினேன், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

முதலில் வண்ண டேப் ஒட்டினேன். ஸ்னேர் மேளத்துக்குச் சிவப்பு, டாம் மேளத்துக்குப் பச்சை, கிராஷ் சிம்பலுக்கு நீலம். வீட்டுத் திண்ணையில் அழகாக இருந்தது. ஒரு கோவில் பண்டிகை மேடையில் ஒளிக்காரர் நீல விளக்கைத் திருப்பினார். பச்சையும் நீலமும் ஒன்றாகிவிட்டன, சிவப்பு கறுப்பாகிவிட்டது. மேடை விளக்கில் நிறத்தை நம்ப முடியாது என்பது அன்றைக்குப் புரிந்தது.

அடுத்து எண் போட்டேன். டிரம்ஸ்காரர் உட்காரும் இடத்திலிருந்து இடமிருந்து வலமாக: ஹைஹேட் (காலால் மூடித் திறக்கும் சிம்பல்) 1, ஹைஹேட் பெடல் 2, ஸ்னேர் 3, கிக் 4, முதல் கிராஷ் 5, முதல் டாம் 6, இரண்டாம் டாம் 7, ரைடு சிம்பல் 8, ரைடின் மணி (அதன் நடு மேடு) 9, ஃப்ளோர் டாம் 10, இரண்டாம் கிராஷ் 11. மொத்தம் 11 ஒயர், 22 முனை. இரண்டு முனையிலும் எண், மாட்யூலின் ஒவ்வொரு துளைக்கு மேலும் அதே எண். பல்லடத்தில் ஒரு மண்டபத்தில், உதவிக்கு வந்த தம்பி தலைகீழாகக் குனிந்து செருகினான். முதல் டாமைத் தட்டினால் ரைடின் மணி 'டிங்' என்றது. 6-ம் 9-ம். அன்றிலிருந்து இரண்டுக்கும் அடிக்கோடு போடுகிறேன்.

எண்ணை வெள்ளை டேப்பில், அழியாத கறுப்பு மையில், பெரிதாக எழுதுங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப்பை மட்டும் நம்பினால் சித்திரை வெயிலில் வேனுக்குள் பசை உருகி, ஒயரெல்லாம் பிசுபிசுத்து, எண் கழன்று அடுத்த ஒயரில் ஒட்டிக்கொள்ளும். டேப்புக்கு மேல் சூடு காட்டினால் சுருங்கும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயை மாட்டிவிடுங்கள். அதற்கு ஜாக்கைக் கழற்ற வேண்டியிருந்தால், ஜாக்கின் தலைக்கு மேலேயே நுழையும் அளவுள்ள குழாயாக வாங்குங்கள்.

எண் சரியாக இருந்தும் ஒலி மாறி வந்தால் மாட்யூலில் அந்தக் கிட்டின் ஒலிகளை யாரோ மாற்றிச் சேமித்திருக்கிறார்கள். வேறு கிட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

## அறிகுறி 3: நடுவில் பேசுகிறது, விளிம்பில் பேசவில்லை, அல்லது சிம்பல் தட்டியதும் அடங்கிவிடுகிறது

அந்தப் பேட்டுக்கு விளிம்பு உண்டா? விலை குறைந்த செட்டுகளில் டாம்களுக்கு நடுப்பகுதி மட்டும்தான் பேசும். இதற்காகத் தாராபுரம்வரை கூப்பிட்டார்கள். இல்லாத விளிம்பைச் சரிசெய்ய முடியாது என்று சொல்லி, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

மோனோ ஒயர் போட்டிருக்கிறீர்கள். ஜாக்கைப் பாருங்கள். கறுப்புக் கோடு இரண்டு இருந்தால் ஸ்டீரியோ, ஒன்று இருந்தால் மோனோ. கிடார் ஒயர் மோனோ. அவசரத்துக்குக் கிடார்காரரிடம் இரவல் வாங்கிய ஒயரை மாட்டினால் ஸ்னேரின் விளிம்பு ஊமையாகும். சிம்பலில் இன்னும் மோசம். விளிம்பைக் கையால் பிடித்தால் ஒலி நிற்கும் வசதி இருக்கிறது அல்லவா, மோனோ ஜாக் அந்த இணைப்பை நிரந்தரமாக மூடிவிடும். யாரோ சிம்பலைப் பிடித்துக்கொண்டே இருப்பதாக மாட்யூல் எடுத்துக்கொள்ளும்.

ஸ்டீரியோ ஒயர்தான், ஆனாலும் அப்படியே. உள்ளே வளையத்தின் கம்பியும் வெளிப்பின்னலும் ஒட்டிவிட்டன. மேலே சொன்ன மீட்டர் சோதனையில் வளையத்துக்கும் தண்டுக்கும் பீப் வரும். ஜாக்கைத் திறந்தால் பின்னலின் ஒற்றை இழை தப்பி நீட்டிக்கொண்டிருப்பது தெரியும், தலைமுடி அளவுதான். வெட்டிவிட்டால் தீர்ந்தது.

ரைடில் மணி மட்டும் பேசவில்லை. ரோலண்டின் சில ரைடுகளுக்கு இரண்டு ஒயர் வேண்டும், இரண்டாவது மணிக்கு. யமஹாவின் மூன்று பகுதிச் சிம்பல்களில் ஒரே ஸ்டீரியோ ஒயர் மூன்றையும் சுமக்கும். ஒரு நிறுவனத்தின் சிம்பலை இன்னொரு நிறுவனத்தின் மாட்யூலில் மாட்டினால் மூன்றும் பேசும் என்று எதிர்பார்க்காதீர்கள். மாட்யூலில் அந்தத் துளைக்கான பேட் வகையை மாற்றிப் பாருங்கள். இரண்டு பகுதி கிடைத்தால் திருப்திப்படுங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: ஒயரை முழுதாகக் கழற்றிவிட்டு, புது ஸ்டீரியோ ஒயர் போட்டும் சிம்பல் அடங்கியே இருக்கிறது. விளிம்புக்கு அடியில் ஓடும் அழுத்துப் பட்டை ஒட்டிக்கொண்டுவிட்டது. ரப்பரை உரித்துப் பார்க்கும் வேலை, உரித்ததைத் திரும்ப ஒட்டுவது அதைவிடக் கஷ்டம்.

## அறிகுறி 4: ஹைஹேட் மூடவே மாட்டேன் என்கிறது

ஹைஹேட்டுக்கு இரண்டு ஒயர்: தட்டுவதற்கு ஒன்று, பெடலுக்கு ஒன்று. பெடல் ஒயர் கழன்றிருந்தால் காலை எவ்வளவு அழுத்தினாலும் திறந்த ஒலியே வரும். இரண்டும் இடம் மாறியிருந்தால் தட்டினாலும் ஒழுங்காகப் பேசாது. எண் 1, எண் 2. பார்த்துச் செருகுங்கள்.

செருகியது சரி என்றால் மாட்யூலை அணைத்து, பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, மறுபடி போடுங்கள். காலை வைத்தபடியே ஆன் செய்யும் பழக்கம் நம் ஆட்களுக்கு நிறைய. அதற்கும் மசியவில்லை என்றால் மாட்யூலில் ஹைஹேட் அளவு சரிசெய்யும் பக்கம் இருக்கும், கையேட்டைப் பார்த்துச் செய்யுங்கள். உண்மையான ஸ்டாண்டில் மாட்டும் ஹைஹேட் என்றால், மேல் தட்டைக் கம்பியில் பிடித்து நிறுத்தும் கிளட்ச் இறங்கியிருக்கும், ஒவ்வொரு முறை மாட்டும்போதும் அளவு மாறும். அளவு சரியாக இருக்கும் உயரத்தில் கம்பியில் ஒரு டேப் சுற்றிக் குறி வைத்துவிடுங்கள்.

## அறிகுறி 5: விட்டுவிட்டுப் பேசுகிறது

ஒத்திகையில் ஒழுங்காக இருந்து, நான்காம் பாட்டில் நிற்கும். ஐந்தாம் பாட்டில் தானாக வரும். எல்லாக் கோளாறிலும் எரிச்சலானது இதுதான்.

ஒயர் எங்கே இழுபடுகிறது என்று பாருங்கள். சிம்பல் அடித்தால் ஆடும், ஆட வேண்டும். ஒயரை முறுக்கிக் கம்பியோடு இறுக்கிக் கட்டியிருந்தால் ஒவ்வொரு அடியும் ஜாக்கின் கழுத்தைத்தான் இழுக்கிறது. சிம்பலுக்கும் முதல் கட்டுக்கும் நடுவில் நான்கு விரல் நுழையும் அளவு தொங்கல் விடுங்கள். சிம்பலைக் கையால் எல்லாப் பக்கமும் சாய்த்துப் பார்த்தபின் கட்டுங்கள். கிக்கிலும் ஸ்னேரிலும் நேர் ஜாக் இருந்தால் எல் வடிவ ஜாக்காக மாற்றுங்கள். நேர் ஜாக் முழங்கால் பட்டே உடையும்.

துளைக்குள் அழுக்கு இருக்கலாம். ஆடிக் காற்று வீசும் மாதங்களில் உடுமலை, பொள்ளாச்சி, தாராபுரம் பக்கம் திறந்த மேடையில் வாசித்துவிட்டு வந்தால், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பாதி மண்ணை மாட்யூலுக்குள் கொட்டியிருக்கும். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் பக்கத்து அறையில் செட்டை வைத்திருந்த குழு ஒன்றின் துளைகளிலிருந்து பஞ்சுத் துகளைக் குச்சியால் எடுத்திருக்கிறேன். எலெக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனரை ஜாக்கின் மேல் தெளித்து, அணைத்த மாட்யூலில் பத்து முறை செருகி எடுங்கள். முழுதாகக் காய்ந்த பிறகு ஆன் செய்யுங்கள். மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய், சைக்கிள் கடை ஆயில் எதுவும் வேண்டாம். எண்ணெய் இன்னும் அதிகமாகத் தூசியைப் பிடித்துவைக்கும்.

எலி. தோட்டத்து வீட்டுக் கொட்டகையில் செட்டை வைப்பவர்கள் ஒயர் முழுவதையும் விரலால் உருவிப் பாருங்கள். பல் பட்ட இடம் சொரசொரப்பாகத் தட்டுப்படும். அந்த ஒயரை ஒட்டுப்போட்டு மேடைக்குக் கொண்டுவராதீர்கள்.

## அறிகுறி 6: தட்டாத பேட் தானாகப் பேசுகிறது

அதிர்வு. ராக் வழியாகவோ மேடைப் பலகை வழியாகவோ வந்து சேர்கிறது. முதலில் கிளாம்ப்களை இறுக்குங்கள். இரண்டு பேட் ஒன்றையொன்று தொடுகிறதா, ஒரு பேடின் ஒயர் இன்னொன்றின் மேல் விறைப்பாகக் கிடக்கிறதா என்று பாருங்கள். ஸ்னேரை ராக்கிலிருந்து எடுத்துத் தனி ஸ்டாண்டில் வைத்தாலே பாதித் தொல்லை தீரும்.

அடுத்து, வூஃபர் எங்கே இருக்கிறது? மேடைக்கு அடியிலோ கிக்கின் முதுகுப் பக்கமோ இருந்தால், பேஸ் கிடார் வாசிக்கும்போதெல்லாம் கிக் தானாக அடிக்கும். மாரியம்மன் பண்டிகையில் கம்பத்தைச் சுற்றி மேளம் அதிரும் இடத்துக்குப் பக்கத்திலேயே மேடை போட்டிருந்தார்கள். நாங்கள் வாசிக்கத் தொடங்கும் முன்பே எங்கள் ஃப்ளோர் டாம் அவர்களோடு தாளம் போட ஆரம்பித்துவிட்டது. அப்படிப்பட்ட இடத்தில் மாட்யூலில் அந்தப் பேட்டின் குறைந்தபட்ச உணர்வு அளவை ஒரு படி, இரண்டு படி என்று உயர்த்துங்கள். ஒரேயடியாக ஏற்றினால் மெல்லிய தட்டுகள் காணாமல் போகும். ஒரு பேடின் அதிர்வு இன்னொன்றைப் பேச வைக்காமல் தடுக்கும் கிராஸ்டாக் அமைப்பைத் தொடுவது அதற்குப் பிறகு.

இதற்கு எந்தப் பழுதுபார்ப்பவரும் தேவைப்பட்டதில்லை.

## அறிகுறி 7: 'உம்ம்ம்' என்று இரைச்சல்

ஹெட்போனில் கேளுங்கள். அங்கேயும் இரைச்சல் இருந்தால் அடாப்டரைச் சந்தேகியுங்கள். ஹெட்போனில் சுத்தமாக இருந்து ஸ்பீக்கரில் மட்டும் இருந்தால் கீழ்க்கண்டபடி ஒவ்வொன்றாகப் போங்கள்.

லேப்டாப் இணைத்திருந்தால் அதன் சார்ஜரைப் பிடுங்குங்கள். இரைச்சல் நின்றால் காரணம் கிடைத்துவிட்டது. மாட்யூலின் மின்சாரத்தை, மிக்சர் எடுக்கும் அதே பலகையிலிருந்து எடுங்கள். சீரியல் விளக்குக்காரர் நீட்டிய ஒயரிலிருந்து எடுக்காதீர்கள். ஒலி ஒயரும் கரண்ட் ஒயரும் பக்கம் பக்கமாக ஓடினால் பிரியுங்கள். தாண்டித்தான் ஆக வேண்டும் என்றால் குறுக்காகத் தாண்டட்டும். நான் ராக்கின் வலது காலில் ஒலி ஒயரையும் இடது காலில் கரண்ட் ஒயரையும் மட்டுமே இறக்குகிறேன். கடைசி வழி டி.ஐ. பாக்ஸ், ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சிறு பெட்டி: மாட்யூலுக்கும் மிக்சருக்கும் நடுவில் போட்டு, அதில் ஒலி ஒயரின் கிரவுண்டை மட்டும் பிரிக்கும் பொத்தானைத் தட்டுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். இரைச்சல் போக வேண்டும் என்று மூன்று முனைப் பிளக்கின் எர்த் பின்னை உடைக்கிறார்கள். இரைச்சல் போகும். ஜெனரேட்டரில் ஓடும் ஈர மேடையில் மைக்கில் உதடு வைக்கும் பாடகர் கதி என்ன ஆகும் என்று யோசியுங்கள். மைக்கிலோ ராக்கிலோ கை பட்டால் சுள்ளென்றால் அந்த நிமிடமே மெயினை அணைத்து எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கச்சேரி காத்திருக்கட்டும்.

## அறிகுறி 8: மொத்தச் செட்டும் மௌனம்

மாட்யூலில் விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் அடாப்டர். கீபோர்டு அடாப்டரை மாற்றிச் செருகியிருக்கிறார்களா என்று பாருங்கள், முனை ஒரே அளவில் இருக்கும். வோல்ட், ஆம்பியர், மையம் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்ற மூன்றும் மாட்யூலின் முதுகில் எழுதியிருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், மற்ற இரண்டும் துளியும் மாறக் கூடாது. அடாப்டரிலேயே மாட்யூலின் பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள். மாட்யூலின் பின்னால் ஒயரைச் சுற்றிவிடும் கொக்கி இருந்தால் பயன்படுத்துங்கள். நடுப்பாட்டில் ஒயர் தடுக்கி அணைந்துபோவதை அது தடுக்கும்.

விளக்கு எரிந்து, எல்லாப் பேடும் ஊமை என்றால் 25 பின் கட்டைப் பாருங்கள். இரண்டு பக்கத் திருகையும் கையால் இறுக்குங்கள். சிலர் திருகாமல் செருகி மட்டும் விடுவார்கள், அது மெல்ல மெல்லச் சாயும். சில பேட் மட்டும் ஊமை என்றால் கழற்றி வெளிச்சத்தில் பின்களைப் பாருங்கள். ஒன்று படுத்திருக்கும். மெல்லிய மூக்குக் குறடால் ஒரே முறை நிமிர்த்துங்கள். இரண்டாம் முறை ஒடிந்துவிடும். ஒடிந்தால் புதுக் கட்டுதான். மாட்யூல் பக்கத்துப் பின் ஒடிந்தால் பழுதுபார்ப்பவர்தான்.

## அறிகுறி 9: எல்லாம் பேசுகிறது, ஆனால் மாட்ட ஒரு மணி நேரம் ஆகிறது

இதையும் கோளாறாகவே நான் கணக்கில் எடுப்பேன். மேலே உள்ள எட்டில் ஆறு இதிலிருந்துதான் பிறக்கின்றன.

ஒயர்களை ராக்கிலிருந்து கழற்றாதீர்கள். 11 ஒயரும் அதனதன் குழாயோடு நிரந்தரமாகக் கட்டப்பட்டிருக்கட்டும். பேட் முனைகள் அந்தந்த இடத்தில் தொங்கும், மாட்யூல் முனைகள் ஒரே இடத்தில் கொத்தாக முடியும். ராக்கை மடக்கும் மூட்டுகளில் ஒரு சாண் தளர்வு விடுங்கள், இல்லாவிட்டால் மடக்கும்போது ஒயர் கத்தரித்துவிடும். மிச்ச நீளத்தை எட்டு வடிவில் மடித்துக் குழாயிலேயே கட்டுங்கள். தரையில் விட்டால் யாராவது மிதிப்பார்கள், அந்த யாராவது பெரும்பாலும் போட்டோக்காரர்.

கட்டுவதற்கு வெல்க்ரோ. பிளாஸ்டிக் டை வேண்டவே வேண்டாம். இறுகி ஒயரைக் கடிக்கும், வெட்டப் போனால் கத்தி ஒயரில் படும். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு எலாஸ்டிக், பட்டன் விற்கும் கடைகளில் வெல்க்ரோ சுருளாகவே கிடைக்கும். ஒரு சாணுக்கு ஒரு கட்டு போதும்.

தனியாக ஓடும் ஒயர்களை, மிக்சருக்குப் போவது போன்றவற்றை, முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் கயிறு சுற்றுவதுபோல் சுற்றாதீர்கள். உள்ளே முறுக்கு ஏறி ஒரு வருடத்தில் கம்பி விடும். ஒரு வளையம் நேராக, அடுத்தது மணிக்கட்டை உள்பக்கம் திருப்பி, என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். பிரிக்கும்போது முறுக்கின்றி ஓடிவரும்.

இடம் குறிக்க ஜமக்காளம். டிரம்ஸுக்கென்று விற்கும் பாய் வாங்கலாம்தான், நான் பவானி ஜமக்காளத்தில்தான் விரிக்கிறேன். கோடு கோடாக இருப்பதால் அளவுகோல் இலவசம்: கிக் மூன்றாவது பச்சைக் கோட்டில், ஹைஹேட் சிவப்பின் ஓரத்தில். ராக்கின் கால்கள் நிற்கும் இடத்தில் வெள்ளை நூலால் ஒரு பெருக்கல் குறி தைத்துவிட்டேன், டேப் மாதிரி உரியாது. கிரானைட் மேடையில் வழுக்கும், அதனால் நான்கு மூலையையும் தரையோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

மாட்டும் வரிசை: ஜமக்காளம், ராக், மாட்யூல், பேடுகள், பிறகு ஒயர் 1 முதல் 11 வரை. ஒரே ஆள் செருகட்டும். இரண்டு பேர் உதவினால் இரண்டு மடங்கு நேரம். கடைசியாக மின்சாரம், அதற்குப் பின் ஸ்பீக்கர். இந்த வரிசையில் எனக்கு இப்போது 18 நிமிடம் ஆகிறது. மாட்யூலின் முதுகை எல்லாம் செருகிய நிலையில் ஒரு படம் எடுத்து, குழுவில் உள்ள எல்லார் போனிலும் வைத்துவிடுங்கள். நீங்கள் காய்ச்சலில் படுத்த நாளில் அது பேசும்.

கழற்றும்போது இதே வரிசை தலைகீழாக. ஸ்பீக்கர் முதலில் அணையட்டும். ஜாக்கின் தலையைப் பிடித்து இழுங்கள், ஒயரைப் பிடித்து அல்ல. மாட்யூலில் ஜாக்குகளைச் செருகியபடி வேனில் ஏற்றாதீர்கள். மேடு பள்ளத்தில் துளை ஆடுவது அப்படித்தான் ஆரம்பிக்கும். கொத்தாக இருக்கும் 11 முனைகளையும் ஒரு துணிப்பையில் போட்டு வாயைக் கட்டி ராக்கிலேயே தொங்கவிடுகிறேன். பை வெளியே வாங்கியதில்லை. மணமக்கள் பெயர் அச்சிட்ட தாம்பூலப் பை வாரத்துக்கு ஒன்று வந்துகொண்டேதான் இருக்கிறது.

வாயைக் கட்டுவதற்கு முன் எண்ணுங்கள். பத்துதான் இருக்கிறது என்றால் வேனை நிறுத்தச் சொல்லிவிட்டு, முதலில் கிக் பேட் வைக்கும் பெட்டியைத் திறந்து பாருங்கள். நான்காம் எண் ஒயர் ஜாக்கோடு அந்தப் பேடிலேயே மாட்டிக்கொண்டு, வெல்க்ரோவிலிருந்து உருவிக்கொண்டு உள்ளே போயிருக்கும்.